சாமி குடித்த கணக்கு

திருநெல்வேலிக்குப் போக ஒரு டிக்கெட், திரும்பி வர இரண்டு. அந்த இரண்டாவது டிக்கெட் சுடலைமுத்துவுக்கு. ரயில் தபால் வண்டியில் அவரும் நானும் ஒரே மேசையில் கடிதம் பிரித்தவர்கள். ஓய்வு பெற்றதும் நான் கும்பகோணத்துக்கும் அவர் முக்கூடல் பக்கத்துச் சொந்த ஊருக்கும் போய்விட்டோம். போன மாதம் அவர் மனைவி பேச்சியம்மாள் போனில் அழுதார்.

"அண்ணாச்சி, அவியளுக்கு ஈரல்ல தழும்பு விழுந்துட்டுன்னு சொல்லுதாவ. குடிய விட்டு ஒரு வருசம் ஆச்சி. விட்டும் கொறைய மாட்டேங்கு. இந்த ஊரு ஆஸ்பத்திரி மருந்து கேக்கல. நீங்க வந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

தஞ்சாவூரில் என் மருமகனுக்குத் தெரிந்த ஈரல் மருத்துவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் காட்டுவதாக ஏற்பாடு. ஆனி மாதம், இந்த வயதில் தனிப் பயணம், போதாக்குறைக்கு மூட்டு வலி. பையில் ஒன்பது சாமான்கள் இருப்பதை வீட்டில் ஒரு தடவையும் ரயிலில் இரண்டு தடவையும் எண்ணினேன். தபால் வண்டியில் கைமாறும்போது ஒரு பை குறைந்தாலும் விளக்கம் எழுதித் தர வேண்டும். அந்தப் பயம் பென்ஷன் வாங்கியும் போகவில்லை.

திங்கட்கிழமை காலை திருநெல்வேலியில் இறங்கினேன். ஸ்டேஷனுக்கு வெளியே குடித்த காபியைப் பற்றி எழுதாமல் விடுவதே நல்லது. எங்கள் ஊரில் அந்த நிறத்தில் வருவதைக் கழுநீர் என்போம். ஆனால் அதே கடையில் இடியாப்பத்துக்கு ஊற்றிய சொதி வேறு விஷயம். தேங்காய்ப்பாலில் முருங்கைக்காயும் பாசிப்பருப்பும் போட்டு, எலுமிச்சை பிழிந்திருந்தார்கள். மூன்று கரண்டி கேட்டு வாங்கினேன். நான்காவது கேட்கக் கூச்சமாக இருந்தது.

பேருந்து நிலையத்தில் பதினோரு வண்டிகள் நின்றன. எது முக்கூடல் போகும் என்று ஒவ்வொன்றின் நெற்றியையும் படித்துக்கொண்டு போனபோது ஒரு கண்டக்டர் சத்தம் போட்டார்.

"பெரியவரே, பஸ்ஸ எண்ணுதியளா, ஏறப் போறியளா?"

அவசரத்தில் ஏறிவிட்டேன். பாதி வழி வந்த பிறகுதான் தெரிந்தது, அந்த வண்டி தாமிரபரணியின் தென்கரையில் போகிறது. முக்கூடல் இருப்பதோ வடகரையில். சேரன்மகாதேவியில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் சிரித்தார். "அக்கரை ஊருக்கு இக்கரை பஸ்ஸுல வந்தா நடுவுல இருக்க ஆறு என்ன செய்யும் அண்ணாச்சி?" பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லிப் பார்த்தேன். எங்கள் காவிரியில் இந்த மாதத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். இங்கே தண்ணீர் கரையைத் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. பொறாமையாக இருந்தது.

சுடலைமுத்து வாசலிலேயே நின்றார். முன்பு தபால் மூட்டையை ஒற்றைக் கையால் தூக்கியவர். இப்போது கைகள் மெலிந்து, கண்வெள்ளையில் லேசான மஞ்சள்.

"என்ன வே ராமலிங்கம், என்னயக் கூட்டிட்டுப் போவ வந்திருக்கீரா, தூக்கிட்டுப் போவ வந்திருக்கீரா?"

"நடந்து வந்தால் கூட்டிக்கொண்டு போகிறேன்," என்றேன்.

பேச்சியம்மாள் பீடித்தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, கூட்டாஞ்சோறு பரிமாறினார். சாப்பிடும்போது நடந்ததைச் சொன்னார். வீட்டுக்கு வீடு வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் நர்ஸ், இசக்கி என்று பெயர், சுடலைமுத்துவுக்கு இரண்டும் ஏறிக் கிடப்பதைக் கண்டுபிடித்தார். கூடவே, குடிப்பீர்களா, எவ்வளவு, வாரத்தில் எத்தனை நாள் என்றும் கேட்டிருக்கிறார். அதுவரை ஒருவரும் அவரிடம் அதைத் திட்டாமல் கேட்டதில்லை. தினமும் சாயங்காலம் ஒரு குவார்ட்டர் என்று உண்மையைச் சொல்லிவிட்டார்.

"திடீர்னு விட்டா கை நடுங்கும், வலிப்பு வரும்னு இங்கன சுகாதார நிலையத்து டாக்டரம்மா முத வாரம் மாத்திர குடுத்து, தினமும் வரச் சொன்னாவ," என்றார் பேச்சியம்மாள். "பொறவு பதினஞ்சு நாளைக்கு ஒருக்க. அவியளும் ஒழுங்காப் போனாவ. சாயங்காலம் ஆனா ஆத்தங்கரைக்கு நடக்கப் போயிருவாவ. வீட்டுல ஒரு சொட்டு கெடையாது. அப்புறமும் ரத்தம் பாத்தா ஈரலு மோசமாத்தான் போவுது. அப்ப மருந்துதான சரியில்ல?"

சுடலைமுத்து தலையைக் குனிந்து சாப்பிட்டார். அவர் பொய் சொல்லுகிறார் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். ஆனால் அவருக்குப் பொய் சொல்ல வராது. தபால் வண்டியில் ஒரு நாள் தாமதமாக வந்தாலும், "தூங்கிட்டேன்" என்று மேலதிகாரியிடமே சொல்லுவார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பக்கத்து ஊர் மாடசாமி கோயிலில் கொடைவிழா, என்னையும் வரச் சொன்னார். சுடலைமுத்து கோமரத்தாடி. மாடசாமி அவர்மேல்தான் இறங்குவார். தபால் இலாகாவில் இருந்தபோதே கொடைக்கு மட்டும் லீவு போடுவார். ஆனால் நான் ஒரு தடவையும் போய்ப் பார்த்ததில்லை. இவர்கள் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப்போய்க் கட்டிய கோயில்கள் ஆறு. அத்தனையின் கொடைக்கும் தாய்க்கோயில் கோமரத்தாடி போயாக வேண்டும். அது போக, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பீடத்தில் வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், குறி கேட்க ஆட்கள் வருவார்களாம்.

மதியக்கொடை உச்சி வெயிலில் நடந்தது. நையாண்டி மேளம் காதைப் பிளந்தது. நேற்று மாடிப்படி ஏற மூச்சு வாங்கிய மனிதர், சல்லடம் என்ற அரைக்கால்சட்டையும் குல்லாயும் அணிந்து, கையில் வல்லயம் என்ற ஈட்டியைப் பிடித்து ஆடியதை என் கண்ணால் பார்த்தும் நம்ப முடியவில்லை. சதங்கை மணி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது. பூசாரி ஒரு புட்டியைத் திறந்து நீட்டினார். முன்பெல்லாம் சாராயம், இப்போது அரசுக் கடைச் சரக்கு. ஆட்டத்தை நிறுத்தாமலே அவர் அதை அண்ணாந்து குடித்தார். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. மூன்று குவார்ட்டர். நெஞ்சில் சிந்தியது போக இரண்டேகால் இருக்கும்.

சுற்றியிருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பேச்சியம்மாளும்தான்.

சாமி மலையேறிய பிறகு, அதாவது இறங்கியவர் போய்விட்ட பிறகு, சுடலைமுத்து வேப்பமரத்தடியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வாடை அடித்தது. ஆனால் பேச்சில் ஒரு குழறல் இல்லை.

"ஆட்டம் எப்படி வே?"

"ஆட்டம் இருக்கட்டும். டாக்டர் ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்றாரே ஐயா."

"நான் எங்கன குடிச்சேன்?" என்று என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். பாசாங்கு இல்லை. "எனக்கு மேளம் கேட்டது ஓர்மை இருக்கு. பொறவு இந்த மரந்தான்."

புதன்கிழமை முழுக்க எனக்குச் சரியில்லை. காலையில் ஆற்றில் குளித்தேன். தண்ணீர் அவ்வளவு சில்லென்று இருந்தது; தும்மல் ஏழு. மத்தியானம் கருப்பட்டிக் காபி கொடுத்தார்கள். உடன்குடிக் கருப்பட்டி என்று பெருமையாகச் சொன்னார் பேச்சியம்மாள். அதில் ஒரு மண்வாசனை இருந்தது. குறை சொல்ல நினைத்து, சொல்லாமல் இரண்டாவது டம்ளர் கேட்டேன். சுடலைமுத்து சர்க்கரைக்காரர் என்பதால் வெறும் காபியை வைத்துக்கொண்டு எங்கள் டம்ளர்களைப் பார்த்தார்.

மெதுவாகக் கேட்டேன். "குறி கேட்க வருகிறவர்கள் பீடத்துக்கு என்ன கொண்டு வருவார்கள்?"

"பூ, பழம், சுருட்டு, பாட்டிலு," என்றார் பேச்சியம்மாள்.

"பாட்டிலை யார் குடிப்பார்?"

"மாடசாமிதான்." சொன்ன பிறகு அவர் கை பீடியிலையில் நின்றது. "அது சாமி காரியம்லா அண்ணாச்சி. அத யாரு எண்ணுவா?"

யாருமே எண்ணவில்லை. சுடலைமுத்து மறைக்கவில்லை; அந்த அம்மாளும் மறைக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து குடிப்பதுதான் இவர்களுக்குக் குடி. நான் வெளியூர்க்காரன், வேறு சாமிக்காரன், எண்ணிவிட்டேன். எண்ணியதைச் சொல்வது தெய்வக் குற்றமா, சொல்லாமல் விடுவது அதைவிடப் பெரிய குற்றமா என்று தெரியாமல் இரவெல்லாம் புரண்டேன்.

வியாழக்கிழமை, ஆரம்ப சுகாதார நிலையம். தஞ்சாவூருக்குக் கொண்டுபோக மருத்துவச் சீட்டுகள் வேண்டும் என்று மூவரும் போனோம். இடத்தைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. எங்களுக்கு முன்னால் இருபத்தேழு பேர், இரண்டே மின்விசிறி, அதில் ஒன்று சும்மா நின்றது. வரிசையில் இருந்த ஒருவர் மற்றவரிடம், "பிரஷர் மாத்திரைக்கு வந்தவன வச்சி, எத்தன பீடி, எத்தன பாட்டிலுன்னு கேக்காவ. பொண்ணு பாக்க வந்த மாதிரிலா விசாரிக்காவ," என்றார். மற்றவர், "ஒமக்கு இனி யாரு பொண்ணு குடுப்பா? சொல்லிட்டுப் போவும்," என்றார்.

எங்கள் முறை வந்தது. நர்ஸ் இசக்கிக்கு நாற்பது வயது இருக்கும். கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்துக்கொண்டே வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"மாமா, போன தடவைக்குப் பொறவு குடிச்சியளா?"

"இல்லம்மா."

"ஒரு நாளு கூட?"

"ஒரு நாளு கூட."

என்னால் முடியவில்லை. "செவ்வாய்க்கிழமை மூன்று புட்டி," என்று சொல்லிவிட்டேன்.

சுடலைமுத்து என் பக்கம் திரும்பினார். இத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. "அது நானா வே? மாடசாமிலா குடிச்சாரு! தபால் பைய எண்ணுனது போதாதுன்னு இப்ப சாமிய எண்ண வந்துட்டீராக்கும்."

நர்ஸ் பட்டையைக் கழற்றினார். அதை மடித்து வைத்தார்.

"எங்க அப்பாவும் சாமியாடிதான்," என்றார். "வயிறு வீங்கித்தான் செத்தாவ. சாமி கூப்பிட்டுக்கிட்டாருன்னு ஊரே சொல்லிச்சி. நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன். இத்தன பேருகிட்ட தினமும் கேக்கேன், ஒங்ககிட்ட இத கேக்கணும்னு எனக்கே தோணல பாருங்க."

உள்ளே டாக்டர் இளம் பெண். வெளி மாவட்டத்துக்காரர் என்று பேச்சில் தெரிந்தது. கேட்டதும் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. சாமி உண்டா இல்லையா என்ற பேச்சுக்கே போகவில்லை.

"ஐயா, ஈரல் இன்னும் முழுசாக் கெடல. இப்போ நின்னா இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம். இப்படியே போனா வயித்துல தண்ணி சேரும், ரத்த வாந்தி வரும். யார் குடிச்சாலும் அது உங்க ஈரலுக்குத்தான் போகுது."

"தஞ்சாவூரில் பெரிய ஆஸ்பத்திரியில்..." என்று ஆரம்பித்தேன்.

"தாராளமாக் கூட்டிட்டுப் போங்க சார். நல்ல ஸ்கேன் எடுப்பாங்க, எடுக்கிறது நல்லதுதான். அவங்களும் நிறுத்தச் சொல்லித்தான் அனுப்புவாங்க. நாளைக்கு இவங்க ஊர்லயே கொடையாம். அதுக்கு அவங்க வர முடியாது."

சுடலைமுத்து மெல்லக் கேட்டார். "நான் எப்படிம்மா அவர்கிட்ட வேண்டாம்னு சொல்ல முடியும்? அவரு வந்தா நான் அங்கன இருக்கவே மாட்டேனே."

கூட வந்திருந்த நர்ஸ் இசக்கி பேச்சியம்மாளைப் பார்த்தார். "மாமா இருக்க மாட்டாவ. அத்த, நீங்க இருப்பியள்லா?"

பேச்சியம்மாள் சீட்டுகளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். திரும்பி வரும் வழியெல்லாம் சுடலைமுத்து என்னோடு பேசவே இல்லை. ராத்திரி இட்லி நான்கு வைத்தார்கள், இரண்டோடு எழுந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே சாரல் காற்று. கோயில் முன்னால் பந்தல் படபடவென்று அடித்துக்கொண்டது. மேளம் ஏறிக்கொண்டே போனது. பீடத்தருகே புட்டிகள் வரிசையாக இருந்தன. எண்ணக்கூடாது என்று நினைத்தேன். எட்டு.

மாடசாமி இறங்கினார். ஆட்டம் உச்சத்துக்குப் போனது. பூசாரி முதல் புட்டியின் மூடியைத் திருகினார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து பேச்சியம்மாள் நடந்து வந்து நடுவில் நின்றார். சாமியிடம் யாராவது வார்த்தை கேட்க வந்தால் மேளத்தை அடக்குவது அங்கே முறை. அடக்கினார்கள்.

"ஐயா, ஒரு வார்த்த கேக்கணும்."

"கேளு தாயி." குரல் சுடலைமுத்துவின் குரலாக இல்லை.

"ஒம்ம கோமரத்தாடிக்கு ஈரலு தழும்பு பிடிச்சிட்டு. ஒரு சொட்டு ஆகாதுன்னு டாக்டரம்மா சொல்லுதாவ. அவிய குடிக்கல. நீரு குடிக்கீரு. குடிச்சிட்டு நீரு மலையேறிப் போயிருதீரு. வயிறு இங்கன கெடந்து நோவுது."

கூட்டத்தில் யாரோ, "சாமிகிட்டயே நாயம் கேக்காளே!" என்றார்கள். ஒரு கிழவர், "பேசாம இருலே, கேக்கட்டும்," என்று அதட்டினார்.

சதங்கை குலுங்கியது. "எனக்குப் படையல் இல்லேங்கியா?"

பேச்சியம்மாள் ஓர் அடி முன்னால் வந்தார். "படையல் இல்லேன்னு யாரு சொன்னா? பீடத்துல ஊத்துதோம். நெறைய ஊத்துதோம். பீடத்துக்கு ஈரல் கெடையாதே ஐயா. இவியளுக்கு ஒண்ணுதான் இருக்கு. அதுவும் போச்சுன்னா நீரு யாரு மேல வருவீரு?"

காற்றில் பந்தல் அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. வல்லயத்தை ஊன்றிக்கொண்டு அவர் நின்றார். கண் எங்கோ இருந்தது. பூசாரி புட்டியை நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல் நின்றார். வரிசையில் நின்ற நர்ஸ் இசக்கி, சீருடை இல்லாமல், பூ வைத்துக்கொண்டு, கைகூப்பி இருந்தார். அவரும் இந்த ஊர்ச் சாமிக்காரர்தான் போலிருக்கிறது.

மாடசாமியின் கை நீண்டது. புட்டியை வாங்கினார். உதடுவரை கொண்டுபோனார். பிறகு அப்படியே கவிழ்த்துப் பீடத்தில் ஊற்றினார்.

"எல்லாத்தையும் ஊத்துலே," என்று பூசாரியிடம் சொன்னார். "தாகமா இருக்கு."

நாலைந்து பேர் இளநீருக்கு ஓடினார்கள். மேளம் மறுபடி எழுந்தது. அவர் இளநீரை அண்ணாந்து குடித்துவிட்டு ஆடினார், செவ்வாய்க்கிழமையைவிட அதிகமாக.

மலையேறிய பிறகு என் பக்கத்தில்தான் வந்து உட்கார்ந்தார். இரண்டு நாளாகப் பேசாதவர், மேளக்காரர்களைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எத்தன வே?"

"இளநீர் மூன்று," என்றேன். "வேறு இல்லை."

அவர் முகத்துத் திருநீற்றைத் துடைக்கப் பேச்சியம்மாள் ஈரத்துண்டோடு வந்தார். "என்னத்தட்டி கேட்ட அவர்கிட்ட?" என்றார் சுடலைமுத்து.

"ஒண்ணும் கேக்கல. மூஞ்சியக் காட்டுங்க."

சாமக்கொடைக்கு நான் போகவில்லை. இந்த உடம்புக்குக் கண்விழிப்பு ஆகாது. படுத்துக்கொண்டே மேளத்தைக் கேட்டேன், பயத்தோடு. விடிந்ததும் பேச்சியம்மாள் கேட்காமலே சொன்னார். "ராத்திரியும் இளநிதான் அண்ணாச்சி. பக்கத்துலயே நின்னேன்."

சனிக்கிழமை காலை மறுபடி சுகாதார நிலையம். நின்றிருந்த மின்விசிறி சுற்றியது, மற்றது நின்றுவிட்டது. தஞ்சாவூருக்குப் பதிலாக, ஸ்கேனுக்குப் பாளையங்கோட்டைக்கே சீட்டு எழுதித் தந்தார் டாக்டர். இளநீரிலும் சர்க்கரை உண்டு, சாமியிடம் அதையும் ஒன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள் என்றார். பேச்சியம்மாள், "பைய சொல்லுவோம். ஒரே நாள்ல எல்லாம் கேட்டா கோவப்படுவாரு," என்றார்.

நர்ஸ் இசக்கி பட்டையைச் சுற்றினார். அழுத்தம் கொஞ்சம் அதிகம்தான்; கொடை அலைச்சல் என்றார். பிறகு கேள்வி.

"மாமா, போன தடவைக்குப் பொறவு?"

சுடலைமுத்து என்னைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"நான் குடிக்கல," என்றார். கொஞ்சம் நிறுத்தி, "அவரும் குடிக்கல."

ஸ்டேஷனுக்கு வந்து வழியனுப்பினார்கள். கையில் அல்வாப் பொட்டலம் திணித்தார்கள். இரண்டு கிலோவாவது இருக்கும், இதை யார் தின்பது? ரயில் கிளம்பியதும் எதிரே இருந்தவர் என் பக்கத்து இருக்கையைக் காட்டி, ஆள் வருகிறதா என்று கேட்டார்.

"இல்லை," என்றேன். "அவர் வரவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை இன்னொரு ஊரில் அவருக்குக் கொடை இருக்கிறது. அவர் மனைவியும் போகிறார்."

அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அல்வாப் பொட்டலத்தை அந்த இருக்கையில் வைத்தேன். இந்த வருஷத்துக் கொடை இன்னும் ஐந்து பாக்கி.